மத நம்பிக்கை சர்வே ஒன்று கைக்கு வந்தால், ஃபார்வர்டு செய்வதற்கு முன்

"இந்திய முஸ்லிம்களில் 77 சதவீதம் பேர் கர்மாவை நம்புகிறார்கள், அதாவது மனசுக்குள் அவர்கள் இந்துக்கள்தான்" என்று ஒரு படம், கீழே அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் பெயரோடு, எங்கள் சொந்தக்காரர்கள் குழுவில் ஒருநாள் காலையில் வந்தது. எண் உண்மைதான். பியூ 2021 ஜூனில் வெளியிட்ட இந்திய மத அறிக்கையில் அந்த 77 அப்படியே இருக்கிறது. "அதாவது"க்குப் பிறகு வருவதுதான் அந்த அறிக்கையில் எங்கேயும் கிடையாது. மதம் பற்றிச் சுற்றி வரும் சர்வே செய்திகளில் நான் பார்த்த பெரும்பாலானவை இந்த வகைதான். இட்டுக்கட்டிய எண்ணாக இருந்தால் யாராவது ஒருவர் பிடித்துவிடுவார், உண்மையான எண்ணை வேறொரு முடிவோடு ஒட்டி அனுப்பும்போதுதான் நாம் எல்லோரும் ஏமாறுகிறோம். நம்மோடு படித்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், இவர்கள் எல்லாரையும் பற்றி ஒரு தப்பான படம் அப்படித்தான் மனதில் உட்காருகிறது.

சரிபார்க்கப் புள்ளியியல் படித்திருக்க வேண்டாம். ஒரு போன், பத்துப் பதினைந்து நிமிஷம், கொஞ்சம் பொறுமை போதும்.

முதல் வேலை, கேட்ட கேள்வியைக் கண்டுபிடிப்பது. நிறுவனத்தின் பெயர், வருஷம், அந்த எண், மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். செய்தித்தாள் எழுதியதில் நிற்காமல் நிறுவனத்தின் தளத்துக்கே போய் அறிக்கையைத் திறந்து, கடைசிப் பக்கங்களுக்கு ஓடிவிடுங்கள். கேள்வித்தாள் அங்கேதான் இருக்கும். ஒழுங்கான நிறுவனம் என்றால் கேட்ட கேள்வியையும் கொடுத்த விடைகளையும் வார்த்தை மாறாமல் போட்டிருக்கும், எப்படி ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றும் ஒரு பகுதி இருக்கும். எவ்வளவு தேடியும் கேள்வி கிடைக்கவில்லையா, அந்த எண்ணை அங்கேயே விட்டுவிடுங்கள். கேள்வி தெரியாத விடையை வைத்துக்கொண்டு யாரைப் பற்றியும் எதுவும் சொல்ல முடியாது.

கேள்வி கிடைத்த கையோடு, அதே அட்டவணையில் மேல் வரியையும் கீழ் வரியையும் படியுங்கள். கர்மா படத்துக்கு நான் செய்தது அவ்வளவுதான். கர்மாவை நம்புவதாகச் சொன்ன இந்துக்களும் 77 சதவீதம், முஸ்லிம்களும் 77. சரி, மறுபிறவி? இந்துக்களிலேயே 40 சதவீதம்தான், முஸ்லிம்களில் 27. சாஸ்திரப்படி பார்த்தால் மறுபிறவி இல்லாமல் கர்மக் கோட்பாடே நிற்காது. அப்படியிருக்க கர்மாவுக்கு ஆமாம் சொன்ன இந்துக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் மறுபிறவிக்கு ஆமாம் சொல்லவில்லை. ஆக, கர்மா என்ற சொல்லைக் கேட்டதும் பெரும்பாலானவர்கள் மனதில் வந்தது தத்துவம் இல்லை, "செஞ்சது சும்மா விடாது" என்கிற அன்றாடப் பேச்சாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. கீழக்கரைப் பாட்டியும் அதைச் சொல்வார், வேளாங்கண்ணிப் பாட்டியும் சொல்வார். அதை வைத்து யாருடைய மதத்தையும் மாற்றி எழுத முடியாது.

கேள்விக்கும் தலைப்புக்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கலாம் என்பதற்கு லண்டனில் நடந்த ஒன்றை எல்லோருமே தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2015 நவம்பரில், பாரிஸ் தாக்குதல் நடந்து பத்து நாள் ஆகியிருந்த நேரம், தி சன் பத்திரிகை பிரிட்டிஷ் முஸ்லிம்களில் ஐந்தில் ஒருவருக்கு ஜிகாதிகள்மேல் அனுதாபம் என்று முதல் பக்கத்தில் போட்டது. சர்வேயைச் செய்து கொடுத்தது சர்வேஷன் என்ற நிறுவனம், முஸ்லிம் குடும்பப் பெயர் உள்ளவர்களாகப் பார்த்து ஆயிரம் பேருக்குப் போன் போட்டார்கள். ஆனால் கேள்வியில் ஜிகாதி என்ற சொல்லே கிடையாது, ஐஎஸ் பயங்கரவாத அமைப்பின் பெயரும் கிடையாது. சிரியாவில் சண்டையிடுபவர்களோடு சேரப் பிரிட்டனை விட்டுப் போகும் இளம் முஸ்லிம்கள்மேல் உங்களுக்கு அனுதாபம் உண்டா என்றுதான் கேட்டார்கள். அன்றைக்குச் சிரியாவில் ஐஎஸ் தவிர அதை எதிர்த்த குர்துகள் இருந்தார்கள், அன்றைய அதிபர் அசாத்தை எதிர்த்த பல படைகள் இருந்தன. தவிர, அனுதாபம் என்றால் ஆதரவா? பெற்ற பிள்ளை வழிதவறிப் போனால் அம்மாவுக்கு வருவதும் அனுதாபம்தானே. நிறைய அனுதாபம் என்றவர்கள் 5 சதவீதம், கொஞ்சம் அனுதாபம் என்றவர்கள் ஏறக்குறைய 14. இரண்டையும் கூட்டித்தான் ஐந்தில் ஒருவர் ஆக்கினார்கள். அனுதாபமே இல்லை என்ற 71 சதவீதம் தலைப்புக்கு வரவில்லை. அதே நிறுவனம் சில மாதங்களுக்கு முன் முஸ்லிம் அல்லாதவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டபோது அவர்களிலும் ஏழில் ஒருவர் அளவுக்கு ஏதோ ஓர் அனுதாபம் என்று சொல்லியிருந்தார்கள், அதையும் தி சன் வாசகர் தெரிந்துகொள்ள வழியில்லை. 2016 மார்ச்சில் பிரிட்டிஷ் பத்திரிகைக் கண்காணிப்பு அமைப்பான இப்சோ, அந்தச் செய்தி குறிப்பிடத்தக்க அளவுக்குத் தவறாக வழிநடத்துகிறது என்று தீர்ப்புச் சொன்னது. நான்கு மாதம் கழித்து வந்த தீர்ப்பை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? தலைப்பை நாடே படித்தது.

அதனால் இந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்: தலைப்பில் இருக்கும் முக்கியமான சொல், ஜிகாதி, நாத்திகர், வெறுப்பு, எதுவாக இருந்தாலும், கேள்வியில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அந்தச் சொல்லை வெளியிலிருந்து யாரோ போட்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று விடைகளைக் கூட்டி ஓர் எண் ஆக்கியிருந்தால் மறுபடி பிரித்துப் பாருங்கள். அதே கேள்வியை மற்ற சமூகத்தாரிடம் கேட்டார்களா என்றும் பாருங்கள். ஒரே ஒரு சமூகத்திடம் மட்டும் கேட்டு "இவர்கள் இப்படி" என்று முடிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வேலை.

சில சமயம் யாரும் ஏமாற்ற நினைக்காமலேயே கேள்வி குழம்பிப்போகும். 1992இல் அமெரிக்காவில் ரோப்பர் நிறுவனம் யூத இனப்படுகொலை பற்றிக் கேட்ட கேள்வி இப்படி: "நாஜிகள் யூதர்களை அழித்தது ஒருபோதும் நடக்கவில்லை என்பது சாத்தியம் என்று தோன்றுகிறதா, சாத்தியமில்லை என்று தோன்றுகிறதா?" ஒரு தடவை படித்துவிட்டு எந்த விடை எதைக் குறிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். 22 சதவீதம் பேர் "சாத்தியம்" என்று சொல்ல, ஐந்தில் ஒருவருக்கு மேல் சந்தேகப்படுகிறார்கள் என்று உலகம் அதிர்ந்தது. 1994இல் அதே நிறுவனம் கேள்வியை நேராக்கி மறுபடி கேட்டபோது அது 1 சதவீதமாகிவிட்டது.

நம் மொழிக்கு வந்தால் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். வின்-கேலப் இன்டர்நேஷனல் 2012இல் 57 நாடுகளில் ஒரு கேள்வி கேட்டது: கோயில், தேவாலயம் என்று போகிறீர்களோ இல்லையோ, நீங்கள் மதப்பற்று உள்ளவரா, மதப்பற்று இல்லாதவரா, உறுதியான நாத்திகரா? இந்தியாவில் மதப்பற்று உண்டு என்றவர்கள் 2005இல் 87 சதவீதம், 2012இல் 81. உடனே இந்தியாவில் கடவுள் நம்பிக்கை குறைகிறது என்று செய்தி. கேள்வியில் கடவுளே இல்லை, கவனித்தீர்களா? தெருவில் ஒருவரை நிறுத்தி "நீங்கள் மதப்பற்று உள்ளவரா?" என்று கேளுங்கள், "அய்யோ, நான் அப்படியெல்லாம் இல்லைங்க, எல்லாரும் ஒண்ணுதான்" என்பார். அவரையே "சாமி கும்பிடுவீங்களா?" என்று கேட்டால் எந்த ஊர், எந்தக் குலசாமி, எந்த மாசம் பொங்கல் வைப்பது என்று அரை மணி நேரம் சொல்வார். நம்புவது ஒன்று, கும்பிடுவது ஒன்று, எந்த மதத்தில் சேர்ந்தவர் என்பது இன்னொன்று, மதம் எனக்கு முக்கியம் என்பது வேறொன்று. இந்த நான்கில் சர்வே எதைக் கேட்டது, தலைப்பு எதைச் சொல்கிறது, இரண்டும் ஒன்றா என்று பார்ப்பது இரண்டாவது வேலை.

இதை நம் சொந்தக் கணக்கிலேயே பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 121 கோடிப் பேரில் நாத்திகர் என்று பதிவானவர்கள் சுமார் 33 ஆயிரம். அடுத்த வருஷம் வந்த மேலே சொன்ன சர்வேயில் இந்தியர்களில் 3 சதவீதம் பேர் உறுதியான நாத்திகர், வயதுவந்தோரை மட்டும் கணக்கில் வைத்தாலும் இரண்டு கோடிக்கு மேல். இரண்டில் எது பொய்? எதுவும் பொய் இல்லை. கணக்கெடுப்பில் கடவுளை நம்புகிறீர்களா என்று யாரும் கேட்பதில்லை. மதம் என்ன என்றுதான் கேள்வி, ஆறு மதங்களுக்கு எண் போட்டு வைத்திருக்கும், மற்றதெல்லாம் கையால் எழுத வேண்டும், பெரும்பாலும் வீட்டில் இருக்கும் ஒருவரே குடும்பத்தில் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவார். தமிழ்நாட்டில் நாத்திகர் என்று பதிவானவர்கள் வெறும் 1,300 பேர் அளவுதான். பெரியார் மண்ணில் இவ்வளவுதானா என்று அதை வைத்துக் கேலி செய்தவர்கள் உண்டு. ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்ட சுயமரியாதைத் திருமணமே இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்று சேர்த்த பிரிவின் கீழ்தான் சட்டப்படி செல்லும் என்பதை நினைத்துப் பாருங்கள், தாளில் இந்து என்று இருக்கும் நாத்திகர் இங்கே எத்தனை குடும்பங்களில் இருப்பார்! அதேபோல் 1950ஆம் வருஷ ஆணைப்படி பட்டியல் சாதியினர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ மாறினால் அந்தத் தகுதி போய்விடும். அப்படி இருக்கும்போது தாளில் உள்ள மதத்தையும் மனதில் உள்ள மதத்தையும் ஒன்றாக எடுத்துக்கொள்வது தவறு.

பிரிட்டனில் இன்னும் பளிச்சென்று தெரியும். 2011 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் மக்களிடம் "உங்கள் மதம் என்ன?" என்று கேட்டதற்கு 59 சதவீதம் பேர் கிறிஸ்தவம் என்றார்கள், மதமில்லை என்றவர்கள் 25. அதே காலத்தில் பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வு "ஏதாவது ஒரு மதத்தைச் சேர்ந்தவராக உங்களைக் கருதுகிறீர்களா?" என்று கேட்டால் ஏறக்குறைய பாதிப்பேர் இல்லை என்றார்கள். முதல் கேள்வி மதம் இருப்பதாக எடுத்துக்கொண்டே தொடங்குகிறது, இரண்டாவது அப்படி இல்லை. கிறிஸ்தவ நாடு என்று வாதிடுபவர் முதலாவதைக் காட்டுவார், மதம் செத்துவிட்டது என்பவர் இரண்டாவதைக் காட்டுவார். அமெரிக்காவில் மதம் இல்லாதவர்கள் 28 சதவீதம் என்று பியூ 2023 கணக்கைச் சொன்னதும் கால்வாசிப் பேர் நாத்திகர் என்று எழுதியவர்களும் உண்டு. அந்த 28க்குள் நாத்திகர் 17 சதவீதம்தான், கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவர்கள் 20, மிச்சம் 63 சதவீதம் பேர் "குறிப்பாக எதுவும் இல்லை" என்றவர்கள். மொத்த நாட்டுக்குக் கணக்குப் போட்டால் நாத்திகர் 5 சதவீதம்கூட வராது.

மூன்றாவது, யாரிடம் கேட்டார்கள். இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். வீட்டு எண்களிலிருந்து சீட்டுக் குலுக்குவதுபோல ஆட்களைத் தேர்ந்தெடுத்து அவர்கள் வீட்டு வாசலுக்குப் போய்க் கேட்பது ஒரு வகை. இணையத்தில் இணைப்பைப் போட்டு, வந்தவர்களிடம் கேட்பது இன்னொரு வகை. இரண்டாவதில் பரிசுப் புள்ளிக்காக எதையாவது அமுக்கிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. 2022இல் பியூ இதைச் சோதித்துப் பார்த்தது. அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை இயக்க உங்களிடம் உரிமம் இருக்கிறதா என்று இணையத்தில் தாமாக வந்து சேர்ந்தவர்களிடம் கேட்டபோது, முப்பது வயதுக்குக் கீழே இருந்தவர்களில் 12 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். உண்மையில் அப்படிப்பட்டவர்கள் பூஜ்யம் சதவீதம் என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. இனி இப்படிப்பட்ட சர்வேயில் இளைஞர்கள் பற்றி ஆச்சரியமான ஓர் எண் வந்தால் இந்த நீர்மூழ்கிக் கப்பலை நினைத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் பிரிட்டனின் பைபிள் சொசைட்டி, மாதம் ஒரு தடவையாவது தேவாலயம் போகும் 18 முதல் 24 வயதுக்காரர்கள் ஆறு வருஷத்தில் 4 சதவீதத்திலிருந்து 16 ஆகிவிட்டார்கள் என்று இணைய வழி சர்வேயை வைத்து அறிவித்தது, உலகம் முழுக்கச் செய்தியானது. குலுக்கல் முறையில் நடந்த சமூக மனப்பான்மை ஆய்வில் அந்த ஏற்றம் தென்படவில்லை.

ஆனால் இணையம் என்றாலே குப்பை என்று நான் சொல்ல மாட்டேன், ஈரான் விஷயத்தைப் பார்த்த பிறகு இதில் எனக்கு நிதானம் வந்தது. 2020இல் கமான் என்ற குழு நடத்திய இணைய சர்வேயில் தன்னை ஷியா முஸ்லிம் என்று சொன்னவர்கள் 32 சதவீதம்தான். அரசுக் கணக்கில் நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் முஸ்லிம்கள். வீட்டுக்கு வந்து கேட்கும் ஆளிடம் நான் முஸ்லிம் இல்லை என்று சொல்ல ஈரானில் யாருக்குத் துணிச்சல் வரும்? அந்த வகையில் பெயர் சொல்லாத இணைய சர்வேக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் அதே சர்வேயில் ஜொராஸ்டிரியர், அதாவது பாரசீகத்தின் பழைய மதத்தைச் சேர்ந்தவர்கள், 8 சதவீதம் என்று வந்தது. அரசுக் கணக்கில் அவர்கள் 25 ஆயிரம் பேர்தான், 8 சதவீதம் என்றால் பல லட்சம் பேர் இருக்க வேண்டும். அரசின்மேல் கோபத்தில், பழைய பாரசீகப் பெருமையில் அப்படிச் சொன்னவர்கள் நிறைய இருப்பார்கள் என்று நினைக்கிறேன். இன்னொன்றையும் சேர்த்துப் படியுங்கள்: கடவுளை நம்புவதாக 78 சதவீதம் பேர் அதே சர்வேயில் சொல்லியிருக்கிறார்கள். "ஈரானே மதத்தை விட்டுவிட்டது" என்று எழுதியவர்கள் இந்த வரியைத் தொடவில்லை.

கேட்கும்போது பக்கத்தில் யார் நின்றார்கள் என்பது எந்த அறிக்கையிலும் பெரும்பாலும் வராது, அதை நீங்களே ஊகிக்க வேண்டும். கல்லூரி விடுமுறையில் ஒரு நிறுவனத்துக்காகத் திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் படிவம் நிரப்பப் போயிருக்கிறேன். ஒரு வீட்டுத் திண்ணையில் மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார், மருமகளிடம் வாரத்தில் எத்தனை நாள் கோயிலுக்குப் போவீர்கள் என்று கேட்டேன். அவர் மாமியாரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்து, "செவ்வா, வெள்ளி தவற மாட்டேன்" என்றார். இரண்டு என்று எழுதிக்கொண்டேன். தண்ணீர் கொடுக்க வாசல்வரை வந்தவர், "கம்பெனி பஸ் ஆறு மணிக்கே வந்துரும்க்கா, கோயிலுக்குப் போயே மூணு மாசமாச்சு" என்று மெதுவாகச் சொன்னார். நான் படிவத்தைத் திருத்தவில்லை, திருத்தக்கூடாது என்பது விதி. அந்த இரண்டு இன்றைக்கும் ஏதோ ஒரு சதவீதத்துக்குள் இருக்கிறது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் வாரம் தவறாமல் தேவாலயம் போகிறவர்கள் 40 சதவீதம் என்று பல வருஷம் சர்வேக்கள் சொல்லிக்கொண்டிருந்தன. ஹாடவே, மார்லர், சேவ்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒஹையோ மாநிலத்தில் அஷ்டபுலா என்ற ஒரே மாவட்டத்தை எடுத்துக்கொண்டு, பட்டியலில் இல்லாத தேவாலயங்களையும் சாலை சாலையாக வண்டியில் போய்த் தேடி, சில இடங்களில் வெளியே நின்ற கார்களைக்கூட எண்ணிக் கணக்கெடுத்தார்கள். வாரம் போகிறேன் என்று சொன்ன புராட்டஸ்டண்டுகள் 36 சதவீதம், உண்மையில் வந்தவர்கள் 20. 1993இல் வெளியானது அந்த ஆய்வு. எத்தனை தடவை போவீர்கள் என்ற கேள்விக்கு வரும் விடை, போக வேண்டும் என்று அவர் நினைப்பதையும் சேர்த்துத்தான் வருகிறது.

எத்தனை பேர் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பியூவின் இந்திய சர்வேயில் கிட்டத்தட்ட 30 ஆயிரம் பேர், பெரிய எண்தான். அதற்குள் கிறிஸ்தவர்கள் 1,011 பேர், சமணர்கள் 109 பேர். நூறு பேர் என்றால் விடை பத்து சதவீதம் மேலோ கீழோ போகலாம், நானூறு என்றால் ஐந்து, ஆயிரம் என்றால் மூன்று. இந்த மூன்று எண்ணை மனதில் வைத்திருந்தால் போதும். நாடு முழுக்க ஆயிரம் கிறிஸ்தவர்களிடம் கேட்டதை வைத்து "தமிழகக் கிறிஸ்தவர்கள்" என்று தலைப்பு வந்தால் அதற்குள் தமிழகத்தார் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசியுங்கள்.

அப்புறம் சதவீதத்துக்குச் சதவீதம் போடுவது. இது நம்பிக்கை சர்வே இல்லை, மக்கள்தொகைக் கணக்கு, ஆனாலும் 2024 தேர்தல் நேரத்தில் நம் போனை நிரப்பியதால் சொல்கிறேன். பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவிலிருந்து வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் 1950க்கும் 2015க்கும் இடையில் இந்துக்களின் பங்கு 84.68 சதவீதத்திலிருந்து 78.06 ஆனது, முஸ்லிம்களின் பங்கு 9.84லிருந்து 14.09 ஆனது என்று இருந்தது. 9.84ஐ அடிப்படையாக வைத்தால் 4.25 கூடியது 43 சதவீத உயர்வு. "முஸ்லிம் மக்கள்தொகை 43 சதவீதம் உயர்வு, இந்துக்கள் 8 சதவீதம் குறைவு" என்று தலைப்புகள் வந்தன. படித்தவர்களில் எத்தனையோ பேர் இந்துக்களின் எண்ணிக்கையே குறைந்துவிட்டதாக நினைத்தார்கள். குறைந்தது பங்கு, தலைக்கணக்கில் இந்த இரண்டு சமூகமும் பல மடங்கு கூடியிருக்கிறது. சின்ன எண்ணில் தொடங்கினால் வளர்ச்சி சதவீதம் எப்போதும் பெரிதாகத்தான் தெரியும். அதனால் "இத்தனை சதவீதம் உயர்வு" என்று எதைப் பார்த்தாலும் எதிலிருந்து எதற்கு என்று இரண்டு எண்ணையும் கேளுங்கள்.

கடைசியாக, ஒரே அறிக்கையில் எதிர்ப்பக்கத்துக்குச் சாதகமான எண் என்ன என்று தேடுங்கள். பியூவின் அதே 2021 அறிக்கையில் எல்லா மதங்களையும் மதிப்பது உண்மையான இந்தியராக இருக்க மிக முக்கியம் என்றவர்கள் 84 சதவீதம். அதே அறிக்கையில் இந்துப் பெண்கள் வேறு மதத்தில் திருமணம் செய்வதைத் தடுப்பது மிக முக்கியம் என்ற இந்துக்கள் 67 சதவீதம், முஸ்லிம் பெண்கள் விஷயத்தில் அப்படிச் சொன்ன முஸ்லிம்கள் 80. ஒரு பக்கம் 84ஐ மட்டும் எடுத்துக்கொண்டு நாடு அமைதியாக இருக்கிறது என்றது, இன்னொரு பக்கம் மற்ற இரண்டை எடுத்துக்கொண்டு நாடு பிளந்துவிட்டது என்றது. ஒரே ஆள் இரண்டுக்கும் ஆமாம் சொல்லியிருக்கிறார், இதுதான் அந்த அறிக்கையின் விஷயமே. எப்போது கேட்டது என்றும் பாருங்கள், 2021இல் வெளியான இதற்கு ஆட்களைச் சந்தித்தது 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை, குடியுரிமைச் சட்டப் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்த மாதங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு குழுவில் எப்படிப் பதில் போடுவது? "பொய் பரப்பாதீர்கள்" என்று தொடங்கினால் அனுப்பியவர் அன்றோடு பேச்சை நிறுத்திவிடுவார், எண் உண்மையாகவும் இருக்கும்போது நாம்தான் பொய் சொன்னதாக ஆகிவிடும். கர்மா படத்துக்கு நான் பெரியப்பாவுக்கு எழுதியது இது: "பெரியப்பா, அந்த 77 சரிதான், நானும் அறிக்கையில் பார்த்தேன். அதே பக்கத்தில் மறுபிறவியை நம்பும் இந்துக்கள் 40 சதவீதம்தான் என்று இருக்கிறது, படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். கர்மா என்றால் மக்கள் என்ன நினைத்துச் சொன்னார்கள் என்று தெரியவில்லை, அதனால் அவர்கள் இந்துக்கள்தான் என்று அதில் சொல்லவில்லை." மத்தியானம் வரை பதில் இல்லை. சாயங்காலம் தனியாகப் போன் செய்து, "அந்த நாப்பது எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று கேட்டார். பக்க எண்ணைச் சொன்னேன்.